பிரஷர் நோர்மல் என்றால் குளிசையை நிப்பாட்டலாமா?



"பிரஷர் நோர்மலுக்கு வந்துட்டு சேர், இனி என்னத்துக்குக் குளிசை?" கிண்ணியாவிலும் டவுனிலும் அடிக்கடி கேட்கிறார்கள். நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பாடத்தில் உள்ளதைச் சொல்கிறேன்.

இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் இரத்தத்தின் அளவும், சிறு நாடிகள் கொடுக்கும் தடையும் சேர்ந்துதான் குருதியமுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. அதற்கு உடம்பில் இரண்டு காவல்.

ஒன்று உடனடிக் காவல். சுஜூதிலிருந்து எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள வாங்கிகள் அதை மூளைக்கு அறிவிக்கும். சில நொடிகளில் இதயம் வேகமாக அடிக்கும், நாடிகள் சுருங்கும். அதனால்தான் தலை சுற்றி விழாமல் நிற்கிறோம்.

மற்றது நீண்டகாலக் காவல், அது சிறுநீரகம். உப்பையும் தண்ணீரையும் எவ்வளவு வைத்திருப்பது என்று பார்ப்பது அதுதான். அமுக்கம் குறைந்தால் றெனினைச் சுரக்கும். அதன் வழியாக நாடிகள் சுருங்கும், உப்பு உடம்பில் தங்கும்.

பிரஷர் நீண்ட நாள் கூடியே இருந்தால், வாங்கிகள் அந்த உயரத்தையே சரியென்று எடுத்துக்கொள்ளும். சிறுநீரகமும் அதற்கே பழகிவிடும். அதனால்தான் பலருக்கு ஒரு வருத்தமும் தெரிவதில்லை. குளிசை போட்டு இறங்கியது என்றால், குளிசை பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தோணி ஆடாமல் நிற்கிறதே என்று நங்கூரத்தைத் தூக்குவோமா?

என் சாச்சா கடலுக்குப் போனவர். கொப்பியில் 120/80 எழுதின சந்தோஷத்தில் குளிசையை விட்டார். ஆறாம் மாதம் பாரிசவாதம். அந்த வலது கை இன்னும் வலை பிடிக்கவில்லை.

நம் நாட்டு ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. நாடியைத் தளர்த்துவது, றெனின் வழியை மறிப்பது, உப்பை வெளியேற்றுவது என மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 வீதமானவர்களுக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் 55 வீதம்தான். ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடம்பு மற்ற வழியால் ஏற்றப் பார்க்கும். டொக்டர் இரண்டு மூன்று குளிசை எழுதுவதும் அதற்குத்தான்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டியை விடக் குறைவு. கருவாடும் ஊறுகாயும் அதற்குள்தான். குளிசையைக் கூட்டுவது, குறைப்பது, விடுவது எல்லாம் டொக்டரைக் கேட்டுத்தான்.

இன்று இரவு உம்மா வாப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். கடைசித் திகதி எது?