நான்கு ஹெட், ஒரு தேர்வு

கோவில்பட்டியில் நான் போன லேத் பட்டறையில் டிராக்டர் எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட்கள் வரிசை கட்டிக் கிடந்தன. மானாவாரி விதைப்புக்கு முந்தைய நெருக்கடி. அவற்றுக்கு நடுவே மேசைமேல் நான்கு அலுமினிய ஹெட்கள், எல்லாம் பழைய மாருதி ஜிப்சியுடையவை. கோவைப் பக்கம் மண்தளப் பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு அவற்றில் ஒன்று போக வேண்டும்.

1298 சிசி ஜிப்சி இரண்டு விதமாக வந்தது. 8 வால்வு கார்புரேட்டர் வண்டிக்குச் சுமார் 60 குதிரைத்திறன். 2000இல் வந்த 16 வால்வு வண்டிக்கு 80. சிசி மாறவில்லை. கூடிய 20 குதிரைத்திறனைப் பெரும்பாலும் ஹெட்டும் எரிபொருள் செலுத்தும் முறையும் தந்தன. ஆனால் வண்டி எந்த வகை ஹெட்டோடு வந்ததோ அதையே மாட்ட வேண்டும் என்பது அது ஓடும் பந்தயப் பிரிவின் விதி. இந்த வண்டி 8 வால்வு, ஆகவே போட்டி அந்த வகை ஹெட்களுக்குள்தான்.

பட்டறை அண்ணாச்சி முதல் ஹெட்டின்மேல் இரும்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜைச் செருகினார். வளைவு 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கேஜ் தாராளமாக உள்ளே போனது. ஒதுக்கிவிட்டார்.

இரண்டாவதில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழையாய்ச் சிவப்புக் கோடு எழும்பியது. சூடேறி வெடித்த இடம் அது.

மூன்றாவது நேராக இருந்தது, வெடிப்பும் இல்லை. ஆனால் முன்பே பலமுறை ஃபேஸிங் செய்து, அதாவது அடிப்பரப்பைச் சீவி, உயரம் குறைந்திருந்தது. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 325 சிசி. கம்ப்ரஷன் 9க்கு 1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 40 சிசி சொச்சம். கேஸ்கெட்டில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே 2 சிசி போய், கம்ப்ரஷன் 9.4ஐத் தாண்டிவிடும். ஹெட்டைச் சீவினாலும் இதே கதிதான். வேகத்துக்கு நல்லது, ஆனால் பந்தயம் முடிந்து உயரத்தை அளக்கும்போது வண்டி தகுதியிழக்கும்.

நான்காவதில் வால்வு கைடு தேய்ந்து ஆடியது. “தூசி தின்ன கைடு. நம்ம கரிசல்ல ஓடுத டிராக்டர்ல தினமும் பாக்கதுதான். கைடை மாத்திக்கிடலாம், வார்ப்பை மாத்த முடியுமா?” என்று அதையே எடுத்துக்கொண்டார்.

போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கினால் என்ன என்று உதவியாள் கேட்டான். “கார்புரேட்டர் வாய் அதே அளவுதானலே. வழியை அகலமாக்கினா காத்து மந்தமாப் போவும்.” மண்தளத்தில் வளைவு முடிந்து, சக்கரம் சறுக்கிக்கொண்டே வண்டி சீற வேண்டும், அங்கே நடுத்தரச் சுற்றில் கிடைக்கும் இழுவைதான் தேவை.

இப்படி விதிக்குள் நின்று ஓடும் பந்தயம் கோவைக்குப் பழையது. அவ்வூர்ப் பந்தய வீரர் கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்த வகைக் காரைத்தான். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்னும்போது, பட்டறையில் செலவிடும் பொறுமை பாதையில் நொடிகளாகத் தெரியும். பரிசுப் பட்டியலில் இந்தத் தொழிலாளிகளின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

புதுக் கைடு இறக்கி, வால்வை லேப்பிங் செய்த பிறகு, அண்ணாச்சி ஒவ்வொரு அறையிலும் பியூரெட்டால் எண்ணெய் விட்டு அளந்தார். நான்காவது அறை மட்டும் அரை மில்லி அதிகம் பிடித்தது. மற்ற மூன்றின் வால்வு சீட்டுகளையும் ஒரு துளி ஆழமாக வெட்டி நான்கையும் சமமாக்க, கட்டரை மறுபடி கையில் எடுத்தார்.