இக்கட்டில் செய்த பொருத்தனை

தியானப் பகுதி: சங்கீதம் 66:13, 14



தன் இக்கட்டில் சொன்ன பொருத்தனையைச் செலுத்தும்படி ஆலயத்துக்கு வருகிற ஒரு மனிதனை இச்சங்கீதத்தில் காண்கிறோம். இதை வாசிக்கும்போதெல்லாம் ரிச்சர்ட் விண்டர்ஸ் என்னும் அமெரிக்கப் போர்வீரரின் வாழ்க்கை என் நினைவுக்கு வரும்.

1944 ஜூன் 6 அதிகாலை, நார்மண்டி மண்ணில் பாராசூட்டில் குதித்தபோது அவருக்கு வயது 26. ஆயுதம் வைத்திருந்த பை குதித்த வேகத்தில் அறுந்து போயிற்று. அவருடைய கம்பெனித் தலைவர் பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதால், தலைமைப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. அன்று காலையிலே ஒரு சிறு குழுவோடு சென்று, யூட்டா கடற்கரையை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்த நான்கு ஜெர்மானியப் பீரங்கிகளை அழித்தார். இரவானபோது, உயிரோடு காத்த தேவனுக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். வீடு திரும்பினால், அமைதியான ஒரு துண்டு நிலத்தைத் தேடி, மீதி நாட்களைச் சமாதானமாய்க் கழிப்பதாக வாக்குக் கொடுத்தார்.

மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே நின்று இப்படிப்பட்ட வாக்குகளை நான் அநேகமுறை கேட்டிருக்கிறேன். காய்ச்சல் தணிந்ததும் வாக்கும் தணிந்துபோவதைக் கண்டும் இருக்கிறேன். விண்டர்ஸ் மறக்கவில்லை. 1948-இல் எத்தலை மணந்தார். ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தகப்பனானார். 1951-இல் பென்சில்வேனியாவில் சிறு பண்ணை ஒன்றை வாங்கினார். 1972-இல் கால்நடைத் தீவனப் பொருட்களை விவசாயிகளுக்கு விற்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். அவர் பெயரை உலகம் அறிந்தது அதற்கும் வெகுகாலம் பின்னரே.

போர்முனையில் அவர் நின்றது ஓராண்டுக்கும் குறைவு. அந்த இரவுக்குப்பின் அவருக்கு அருளப்பட்டதோ 66 ஆண்டுகள். மனைவி, பிள்ளைகள், தீவன மூட்டை, கணக்குப் புத்தகம் என்று கழிந்த அந்த ஆண்டுகளே அவர் செலுத்திய பொருத்தனை.

அதே இரவில் ஜெபித்த வேறு பலர் வீடு திரும்பவில்லை. அவர்களுடைய ஜெபம் குறைவுபட்டது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த இரகசியம் தேவனுடையது. திரும்பியவரோ அவர்களை மறவாதிருந்தார். நார்மண்டியில் தம்முடைய சாயலில் ஒரு சிலை எழுப்ப விரும்பியவர்களிடம், அங்கே பணியாற்றி மடிந்த இளநிலை அதிகாரிகள் அனைவருக்கும் அது அர்ப்பணிக்கப்படவேண்டும் என்ற நிபந்தனையோடே சம்மதித்தார். 2011 ஜனவரி 2-ஆம் தேதி, தமது 92-ஆம் வயதில் மரித்தார். அவருடைய விருப்பத்தின்படி, அடக்க ஆராதனை முடிந்த பின்பே அச்செய்தி வெளியிடப்பட்டது.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் ஏதோ ஓர் இரவைத் தாண்டி வந்தவர்கள்: ஒரு விபத்து, ஓர் அறுவைச் சிகிச்சை, ஒரு பிள்ளையின் நோய். அன்று என்ன சொன்னோம்? அதைச் செலுத்தும் பலிபீடம் பெரும்பாலும் நம் வீட்டு வாசலிலும் கடைத் தராசிலுமே இருக்கிறது.

ஆண்டவரே, நீர் கூட்டித்தந்த நாட்களை உமக்கே திருப்பிச் செலுத்தக் கிருபை தாரும். ஆமென்.