துண்டுக்கு அடியில் ஒரு விரல்

தரகு என்று சொன்னாலே நம்மவர்களுக்கு ஓர் இளப்பம். வீட்டுத் தரகர், மாட்டுத் தரகர், கல்யாணத் தரகர் இல்லாமல் ஊரில் ஒரு காரியமும் நடக்காது. ஆனாலும் தரகர் தலை மறைந்ததும் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. இப்போது இந்தத் தரகு இன்டர்நெட்டுக்குள்ளும் புகுந்து, 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்று இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்டு உலாவுகிறது. பெயர் மாறினால் ஆசாமி மாறிவிடுவாரா, என்ன?

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் நீங்கள் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, "இந்த கிரைண்டரில் மாவு பந்து பந்தாக வருகிறது" என்று எழுதுகிறீர்கள். கீழே கடைக்குப் போக ஒரு 'லிங்க்' கொடுக்கிறீர்கள். படித்தவர் அதைத் தொட்டு உள்ளே போய் வாங்கினால், கடைக்காரர் உங்களுக்குத் தரகு கொடுப்பார்.

யார் அனுப்பிய ஆள் என்று கடைக்கு எப்படித் தெரியும்? லிங்கிலேயே உங்கள் அடையாளம் ஒட்டியிருக்கிறது. அத்துடன், வாங்குகிறவரின் கம்ப்யூட்டரில் ஒரு சீட்டும் தங்கிவிடுகிறது. அதற்குக் 'குக்கி' என்று யாரோ ஒரு ரசிகர் பிஸ்கோத்தின் பெயரை வைத்திருக்கிறார். அமேசான் கடையில் இந்தப் பிஸ்கோத்து சாதாரணமாக 24 மணி நேரத்தில் நமுத்துப் போகும். "நம் லிங்கில் நாமே வாங்கிக்கொண்டால்?" என்று கேட்கும் சாமர்த்தியசாலிகளுக்கு ஒரு வார்த்தை: அதற்குத் தரகு கிடையாது. கடைக்காரர் உங்களுக்கு முன்பே யோசித்துவிட்டார். 1996-ல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர் அல்லவா!

கோயம்புத்தூரில் இருக்கிறாள் என் சித்தி பெண். கணவர் வேலை பார்த்த மில்லை மூடியதும் அவள் இந்தத் தொழிலில் இறங்கினாள். கிரைண்டருக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே! உளுந்தை ஊறவைத்து, அரைத்து, இட்லி வார்த்துப் பார்த்துத்தான் எழுதுவாள்.

வருமானம் பிரமாதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 1,000 பேர் படிக்கிறார்கள், 50 பேர் லிங்கைத் தொடுகிறார்கள், 2 பேர் வாங்குகிறார்கள். 5,000 ரூபாய் சாமானுக்கு நூற்றுக்கு 4 வீதம் தரகு என்றால், கைக்கு வருவது 400 ரூபாய். அந்த வீதமும் கடைக்காரர் வைத்ததுதான் சட்டம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான், மேஜை நாற்காலி வகையறாவுக்கு நூற்றுக்கு 8 என்று இருந்ததை ஒரே அடியாக 3 ஆக்கிவிட்டது.

சென்ற வருஷம் ஒரு நாள் அவள் டெலிபோன் செய்தாள்.

"அண்ணா, ஒரு கம்பெனிக்காரர்கள் நேரே எழுதியிருக்கிறார்கள். வழக்கமான தரகைப்போல மூன்று பங்கு தருவார்களாம். அவர்கள் கிரைண்டரை முதலாவதாகப் போடவேண்டும். தரகு வாங்குவதையும் சொல்லக்கூடாதாம்."

"கிரைண்டர் எப்படி?"

"அரைத்துப் பார்த்தேன். அரை மணியில் மாவு சுடுகிறது."

"அப்புறம் என்ன யோசனை?"

"பையனுக்கு ஜூன் மாதம் பீஸ் கட்டணும், அண்ணா."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாய் வலிக்காமல் உபதேசம் செய்துவிடலாம். பீஸ் கட்டப் போவது நானில்லையே! ஆகவே எனக்குத் தெரிந்த சட்டத்தை மட்டும் சொன்னேன். 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பின்படி, பணமோ பண்டமோ பெற்றுக்கொண்டு சிபாரிசு செய்கிறவர், அதை எல்லாருக்கும் புரியும்படி, சிபாரிசு செய்த அதே பாஷையில் சொல்லவேண்டும். ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அமெரிக்காவில் இ-பே கடைக்கு ஆள் அனுப்பாமலே, பார்க்க வந்தவர்களின் கம்ப்யூட்டரில் அந்தப் பிஸ்கோத்தை இரகசியமாகத் திணித்துத் தரகு கறந்த இருவர், 2014-ல் சிறைத் தண்டனையே பெற்றார்கள்.

"சட்டம் கிடக்கட்டும், அண்ணா" என்றாள். "ஈரோட்டிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தாள். தையல் தைத்துச் சேர்த்த பணமாம். 'நீ எதைச் சொல்கிறாயோ அதைத்தான் வாங்குவேன்' என்கிறாள். அவளுக்கு நான் எதைச் சொல்வது?"

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன பேரம் என்று தெரியாது. ஆனால், தரகர் இன்னார் என்பது சந்தைக்கே தெரியும். இன்டர்நெட்டிலோ தரகரே துண்டுக்குள் ஒளிந்துகொண்டு, சிநேகிதரைப்போலப் பேச முடிகிறது. தரகு வாங்குவதில் குற்றமில்லை, ஒளிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

அவள் அந்தக் கம்பெனிக்கு மறுப்பு எழுதினாள். அந்த கிரைண்டரைக் கடைசியில் போட்டு, மாவு சூடாகும் சமாசாரத்தையும் சேர்த்தாள். பக்கத்தின் தலைப்பிலேயே இப்போது பெரிய எழுத்தில் இருக்கிறது: "இங்கிருந்து போய் வாங்கினால் எனக்குத் தரகு உண்டு. உங்களுக்கு அதனால் விலை கூடாது."

பீஸ் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. தீபாவளிக்குள் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றொன்றுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.