மெதுவா வேகலாம்... மெதுவா ஆறக்கூடாது!

பாண்டிச்சேரியில் வாங்குகிற மாட்டுக்கறி பெரும்பாலும் இளங்கறியாக இருக்காது. இதுக்குக் கறிக்கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. காரணம் சட்டம். 1968-ஆம் வருஷத்து பசுவதைத் தடுப்புச் சட்டப்படி இங்கே பசுவையோ கன்றையோ வெட்டக்கூடாது. காளை, எருது என்றால் வயசாகிவிட்டது, இல்லை இனி உழவுக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்றிதழ் வேண்டும். பக்கத்தில் தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துச் சட்டம். அங்கே பத்து வயசு தாண்டி, வேலைக்கும் லாயக்கில்லாமல் போயிருக்க வேண்டும். ஆக, தட்டுக்கு வருகிற கறி பல வருஷம் ஏர் இழுத்த, வண்டி இழுத்த கறி. ரிட்டையர் ஆன கறி என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

உழைத்த சதையில் ஜவ்வு ஜாஸ்தி. கொலாஜன் என்று படித்திருப்போமே, அதுதான். வயசு ஏற ஏற அந்த ஜவ்வு இழைகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும். அதை அவிழ்க்க இரண்டு வழிதான். ஒன்று, சூட்டை ஏற்றுவது. பிரஷர் குக்கரில் தண்ணீர் 120 டிகிரி வரை போவதால் சீக்கிரம் வேலை முடியும். இன்னொன்று, நேரத்தை நீட்டுவது. 70, 80 டிகிரிக்கு மேல் மணிக்கணக்காக வைத்திருந்தால் ஜவ்வு மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்பு மறுநாள் ப்ரிட்ஜில் ஜெல்லி மாதிரி உறைகிறதே, அந்த ஜெலட்டின்தான் அது.

துண்டு போட்ட குழம்புக்கு பிரஷர் குக்கரே போதும். ஆனால் இரண்டரை கிலோ முழுத்துண்டை உடையாமல் பதமாக வேகவைத்து, தட்டில் வைத்து அறுத்துப் பரிமாற வேண்டும் என்றால் இரண்டாவது வழிதான் தோது. பிரெஞ்சுக்காரர்கள் தோப் என்கிற சமையல் இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. கொடி இறங்கிவிட்டது. பட்டை, கிராம்பு, மிளகு, வினிகர் போட்டு முழுத்துண்டாகக் கறி வேகவைக்கிற பழக்கம் சில வீடுகளில் இறங்கவே இல்லை.

அப்படி ஒரு வீடு குருசுக்குப்பம் பக்கம் இருக்கிறது. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் இன்றைக்கும் அது 'சொல்தா வீடு'தான். தாத்தா இல்லை. 79 வயசு ஆயா, மகன், மருமகள், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிற பேத்தி (மகள் வயிற்றுப் பேத்தி, அவளுக்கு மகன் மாமா). பிரான்சில் இருக்கிற சித்தி ஒரு லீவில் ஸ்லோ குக்கர் கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், அதனால் வம்பில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் 120 வோல்ட், முதல் நாளே புகைந்திருக்கும்.

இந்த ஸ்லோ குக்கருக்கு ஒரு கதை உண்டு. இர்விங் நாக்ஸன் என்கிற அமெரிக்கருக்கு 1940-இல் இதன் காப்புரிமை கிடைத்தது. லித்துவேனியாவின் வில்னா ஊர் யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அதனால் முதல் நாள் சாயங்காலமே கறியும் பயறும் போட்ட பானையை பேக்கரிக்காரரிடம் கொடுத்துவிடுவார்களாம். அடுப்பு அணைந்த பிறகும் மிச்சமிருக்கிற சூட்டில் ராத்திரி முழுக்க வேகும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் நாக்ஸனுக்கு ஐடியா கொடுத்தது. ரைவல் என்கிற கம்பெனி அவருடைய தொழிலை வாங்கி, 1971-இல் 'கிராக் பாட்' என்று பெயர் வைத்து விற்றது, பிய்த்துக்கொண்டு போனது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 'பேக்கோஃப்' என்று ஒரு கறிச்சமையல் உண்டு. அந்தப் பெயருக்கு அர்த்தமே 'பேக்கரி அடுப்பு'தான். அடுப்பை மிச்சம் பிடிக்கிற புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

மின்சாரமும் மிச்சம்தான். 200 வாட் குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். தெர்மோஸ்டாட் வைத்த பெரிய மின்சார அவனை இதே எட்டு மணி நேரம் ஓட்டினால் பில் வரும்போது நெஞ்சு வலி வரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த வீட்டில் ஒரு வருஷம் ஈஸ்டருக்கு என்ன நடந்தது என்றால்...

ஈஸ்டர் முந்தின சனிக்கிழமை நடுராத்திரி பூசைக்கு எல்லோரும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பதினோரு பேருக்கு விருந்து. அதனால் மாமா சனிக்கிழமை காலையிலேயே கறியை வதக்கி ஸ்லோ குக்கரில் போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பஞ்சு மாதிரி வெந்துவிட்டது. சுவிட்சை அணைத்து, மூடி போட்டு, அப்படியே மேடையில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். காலையில் எழுந்து பார்த்தால் வாசனை அபாரம். மறுபடி அதே குக்கரில் 'வார்ம்' பட்டனை அழுத்தினார்கள். மதியம் கறி வெதுவெதுப்பாக இருந்தது. எல்லோரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ராத்திரி ஏழு பேருக்கு வயிற்றைப் பிசைந்தது. பேதி. இளவட்டங்கள் மறுநாளே எழுந்து நடமாடினார்கள். ஆயாவுக்கு உடம்பில் நீர் வற்றி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. 79 வயசில் பேதி என்பது சின்ன விஷயம் இல்லை, வீட்டில் யாருக்கும் அந்த இரண்டு நாள் தூக்கம் இல்லை.

எந்தக் கிருமி என்று யாரும் பரிசோதனை செய்யவில்லை. ஆனால் நடந்த விதம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்கிற பாக்டீரியாவுக்குப் பொருந்துகிறது. பெரிய கறித்துண்டு, கெட்டிக் குழம்பு, மொத்தமாகச் சமைத்த விருந்து, இதெல்லாம்தான் அதுக்குப் பிடித்த இடம். இதன் தந்திரம் என்னவென்றால், கொதிக்க வைத்தாலும் சாகாத விதை மாதிரி ஒரு உறைக்குள் ஒளிந்துகொள்ளும். கறி வேகும்போது மற்ற கிருமிகள் செத்துவிடும், விதை மட்டும் தப்பிக்கும். குழம்பு ஆற ஆற, போட்டி இல்லாத, காற்றும் இல்லாத இடத்தில் சொகுசாக முளைக்கும். 43-இலிருந்து 47 டிகிரி வாக்கில் அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும்.

பி.காம் மக்களுக்கு இது கூட்டு வட்டிக் கணக்கு. பத்து நிமிஷத்துக்கு 100 சதவீதம். ஒன்றில் ஆரம்பித்தால் இரண்டு மணி நேரத்தில் 4,096. நாலு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். இந்த வட்டியை எந்த பேங்கும் தராது, ஸ்லோ குக்கர் தரும்!

ஏன் ஸ்லோ குக்கர்? அதன் உள்பானை கனமான பீங்கான். சூட்டை விடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் பெருமை. சுவிட்சை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் கதகதப்பாகவே இருக்கும். எந்தக் குணம் எருதுக்கறியைப் பஞ்சாக்குகிறதோ, அதே குணம்தான் கிருமிக்குத் தொட்டில் கட்டுகிறது.

"அப்படின்னா சமைக்கும்போதும் மெதுவாத்தானே சூடேறுது, அப்ப மட்டும் ஒண்ணும் ஆகாதா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி.

பேத்தி சொன்ன பதில்: "ஆகாது மாமா. 'லோ'ல வச்சாலும் 'ஹை'ல வச்சாலும் கடைசியில கொதிக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் கீழ வந்து மணிக்கணக்கா நிக்குது. 'லோ'வுக்கு அங்க வந்துசேர நேரம் அதிகம் ஆகும், அவ்ளோதான். நடுவுல முளைச்சதெல்லாம் அங்க செத்துரும். திரும்பச் சுட வைக்கும்போது அவ்ளோ நேரம் யாரு காத்திருக்கா? வெளியில சூடா இருந்தா எடுத்துத் தின்னுடுறோம். துண்டோட நடுவுல என்ன சூடுன்னு பாக்குறதே இல்ல."

அந்த நடுதான் முக்கியம். மறுபடி சூடாக்கும் உணவு நடுவிலும் 74 டிகிரி தொட வேண்டும் என்பது அமெரிக்க உணவுத்துறையின் விதி. ஸ்லோ குக்கரில் மிச்ச உணவைச் சுட வைக்காதே என்றும் அவர்களே சொல்கிறார்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சுற்றுப்புறம் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரே மணி நேரம்தான். ஏப்ரல் மாசத்துப் பாண்டிச்சேரி அடுப்படி எத்தனை டிகிரி என்று சொல்லவும் வேண்டுமா?

ஆயாவுக்கு டிகிரி எல்லாம் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "தளதளன்னு கொதிக்காத குழம்ப நம்பாதே." அந்தக் காலத்தில் ப்ரிட்ஜ் கிடையாது. ராத்திரி படுக்கும் முன் ஒரு கொதி, காலையில் ஒரு கொதி என்று வைத்துத்தான் சுண்டக்குழம்பு ஆக்கினார்கள். அதில் பாதி விஞ்ஞானம் சரி. நன்றாகக் கொதித்தால் முளைத்து வளர்ந்த பெர்ஃப்ரிஞ்சன்ஸ் செத்துப்போகும். மீதிப் பாதிதான் சிக்கல். ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரி வேறு சில கிருமிகள் உணவிலேயே விஷத்தைக் கக்கிவைக்கும், அந்த விஷம் கொதித்தாலும் போகாது. அதோடு ஊசிப்போன வாடை வந்தால்தான் கெட்டது என்று நினைக்கிறோம். ஈஸ்டர் கறியில் வாடையே இல்லை, வாசனைதான் இருந்தது. மூக்கை நம்பி ஏமாந்த கேஸ் அது.

அடுத்த தடவை அதே கறி, அதே குக்கர், முறை மட்டும் வேறு. பேத்திதான் மேஸ்திரி. கறியை எண்ணெயில் நாலு பக்கமும் சிவக்க வறுத்தார்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, மசாலா, வினிகர், அரை டம்ளர் தண்ணீர் மட்டும். மூடிக்குள் ஆவி வெளியே போகாது, கறியே தண்ணீர் விடும் என்பதால் அதுக்கு மேல் தேவையில்லை. 'லோ'வில் ஒன்பது மணி நேரம். வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து வைத்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் எவ்வளவு நேரம் போய் வந்தது என்று தெரியாவிட்டால் அந்தக் கறியைக் கொட்டிவிட வேண்டும், அது பெரிய நஷ்டம்.

வெந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகவில்லை. கறியை வெளியே எடுத்து, மூன்றாகப் பிரித்து எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்தாள். குழம்பை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிண்டினாள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் ப்ரிட்ஜில்.

"சூடு முழுசா ஆறாம உள்ள வச்சா ப்ரிட்ஜ் கெட்டுடும்டி" என்று ஆயா ஆரம்பித்தார்.

"பானையோட வச்சாத்தான் ஆயா கெட்டுடும். இது தாம்பாளம், லேசான சூடுதான். ப்ரிட்ஜ் தாங்கும். நாமதான் தாங்க மாட்டோம்."

மறுநாள் தெரிந்தது இன்னொரு லாபம். சூடான கறியை அறுத்தால் நார் நாராகப் பிய்ந்துபோகும். ஆறி இறுகிய கறியை நாருக்குக் குறுக்கே அறுத்தால் அரை சென்டிமீட்டர் வில்லைகள் அழகாக விழுகின்றன. குழம்பின் மேல் உறைந்த கொழுப்பையும் கரண்டியால் அப்படியே வழித்து எடுக்கலாம். குழம்பை மட்டும் முதலில் கேஸ் அடுப்பில் தளதளவென்று கொதிக்க விட்டு, வில்லைகளை அதில் போட்டு இன்னொரு கொதி. ஐந்து நிமிஷத்தில் நடு வரைக்கும் சூடு. முழுத்துண்டாகச் சுட வைத்திருந்தால் நடு சூடாவதற்குள் ஓரம் காய்ந்து போயிருக்கும்.

பழைய கறியில் வருகிற ஒரு அட்டை வாடையும் குறைவு. கொழுப்பு காற்றோடு சேர்வதால் வருகிற அந்த வாடை பற்றி 1958-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டது. குழம்புக்குள் முங்கியிருக்கும் கறிக்குக் காற்று எட்டாது. கிராம்பும் பட்டையும் அந்தச் சேர்க்கையைத் தடுக்கும் சரக்குகள்.

ஸ்லோ குக்கருக்கும் அன்றைக்கு வேலை இருந்தது. விருந்தாளிகள் பூசை முடிந்து விட்டுவிட்டு வருவார்கள் இல்லையா? அடுப்பில் நன்றாகக் கொதித்த கறியை, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய குக்கர் பானைக்கு மாற்றி 'வார்ம்'இல் வைத்தார்கள். 60 டிகிரிக்கு மேல் சூட்டைக் காப்பாற்றுவது அந்த பட்டனால் முடியும். சூட்டை உண்டாக்குவதுதான் முடியாது. (ப்ரிட்ஜிலிருந்து எடுத்த பீங்கான் பானையை நேராகச் சூட்டில் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.) மிச்சம் மீந்ததை மறுபடி மறுபடி சுட வைக்கவில்லை. வேண்டியதை மட்டும் எடுத்து ஒரே ஒரு தடவை. மூன்று, நாலு நாளைக்குள் காலி.

ஆயா முதல் வாய் வைக்கும் முன் கரண்டியால் குழம்பைக் கிளறி ஆவி வருகிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் சாப்பிட்டார். பேத்தியின் தெர்மாமீட்டர் 81 காட்டியது.

டிஸ்கி: மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஆட்டுக்கறி, கோழி, பருப்பு என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும், ஆற வைப்பதிலும் சுட வைப்பதிலும் கணக்கு ஒன்றுதான். ஒரே ஒரு விஷயம், ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சு உண்டு, அது குறைந்த சூட்டில் போகாது. தனியாகத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே குக்கருக்கு.