புளியங்குடி எலுமிச்சையும் உப்பு குறைந்த சாப்பாடும்

மதுரையிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டியதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது புளியங்குடி. பேரில் இருப்பது புளி என்றாலும், ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எலுமிச்சைதான். 'லெமன் சிட்டி' என்று செல்லப்பெயரே உண்டு. இப்போது புவிசார் குறியீடும் சேர்ந்திருக்கிறது.

மேற்கே மலை. அதன் அடிவாரத்தை ஒட்டித் தோட்டங்கள். எலுமிச்சை மரம் பார்க்கத்தான் சாது, கிளைக்குள் கையை விட்டால் முள் கிழித்துவிடும். பறிக்கிற பெண்களின் முழங்கையைப் பார்த்தாலே தெரியும். பறித்த காய் மூட்டையாக மார்க்கெட்டுக்கு வருகிறது. பெரிசு, சிறிசு, பச்சை, பழுப்பு என்று தரம் பிரித்து ஏலம் போகிறது. பெரும்பங்கு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. நாரங்கா வெள்ளம் குடிக்காமல் அவர்களுக்குக் கோடை கழியாதே!

விலைதான் இங்கே எல்லோருடைய பேச்சும். கோடையில் ஜூஸ் கடைகளும், ஆடியில் அம்மன் கோயில் மாலைகளும் விலையை ஏற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் குவியும், வாங்க ஆள் இருக்காது. "பறிகூலிக்குக்கூடக் கட்டாதுய்யா. மரத்தடியிலயே விட்டுருவோம்" என்றார் ஒரு விவசாயி. நாம் கோடையில் ஒரு பழத்துக்குப் பேரம் பேசும்போது இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

அவர் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. முருங்கைக்கீரைப் பொரியல், பருப்பு, எலுமிச்சை ரசம். வீட்டில் பெரியவருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சப்பென்று இருக்கிறது என்று அவர் தட்டைத் தள்ளிவிடுவாராம். மருமகள் கண்டுபிடித்த வழி, உப்பைப் பாதியாக்கி, பரிமாறும்போது எலுமிச்சை பிழிவது. "இப்ப மாமா ஒண்ணும் சொல்லுததில்ல. அடுப்ப அணைச்சிட்டுத்தான் பிழியணும்க்கா. கொதிக்கையில ஊத்துனா கசந்துரும்லா" என்றார். நானும் சாப்பிட்டேன். உப்புக் குறைவு தெரியவே இல்லை.

அந்தக் கைப்பக்குவத்துக்குக் காரணம் உண்டு. புளிப்பு நாக்கைத் தூண்டுவதால் உப்பின் குறை அதிகம் தெரிவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைட்டமின் சி சூட்டில் சிதையும், அதனால் கடைசியில் பிழிவது இரட்டை லாபம். கீரை, பயறு வகைகளில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும் அந்த வைட்டமின் உதவும். ரத்தசோகை உள்ள பெண்கள் கீரைப் பொரியலில் அரை மூடி பிழிந்துகொள்ளலாம். அதே சாப்பாட்டோடு டீ குடித்தால் மட்டும் பலன் குறைந்துவிடும்.

ஆனால் எலுமிச்சையை சஞ்சீவி ஆக்கிவிட வேண்டாம். வெந்நீரில் பிழிந்து குடித்தால் தொப்பை கரையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் சும்மா. நம் நாட்டு எலுமிச்சைச் சாறு 100 மில்லியில் வைட்டமின் சி சுமார் 30 மில்லி கிராம்தான். ஒரு பழத்தில் கிடைப்பது அதிலும் கொஞ்சம். கொய்யாவும் நெல்லிக்காயும் இதைவிடப் பல மடங்கு கொடுக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளிப்பு பல் எனாமலையும் அரிக்கும். குடித்ததும் வாயைக் கொப்பளித்துவிடுங்கள்.

ஊறுகாய் கதை வேறு. எலுமிச்சைதானே என்று அள்ளிப் போட்டுக்கொண்டால், ரசத்தில் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் அதில் திரும்பி வந்துவிடும். பிரஷர்காரர்கள் இலையில் ஓரமாகத் தொட்டுக்கொண்டால் போதும்.

மழைக்காலத்தில் விலை சரியும்போது ஒரு கிலோ சேர்த்து வாங்குங்கள். சாறு பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வைத்தால் கோடையில் கை கொடுக்கும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள், கண்ணாடியோ பீங்கானோ நல்லது. புளியங்குடிப் பக்கம் போனால், மெல்லிய தோலாக, கையில் கனமாக இருக்கும் காயாகப் பொறுக்குங்கள். அதில்தான் சாறு அதிகம்.