யோகோஹாமாவில் ஒரு பத்தியச் சாப்பாடு

யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டி யாமாஷிதா பூங்கா. பூவும் புல்லுமாகக் கண்ணுக்குக் குளுமையாக இருக்கிறது. 1923 பூகம்பத்தில் இடிந்த கட்டிடங்களின் கல்லையும் மண்ணையும் கடலோரம் கொட்டி எழுப்பிய இடம் அது என்று தெரிந்ததும் மனசு கனத்துவிட்டது.

எதிரே நியூ கிராண்ட் ஹோட்டல். ஊர் மறுபடி தலை நிமிர வேண்டுமென்று 1927-ல் திறந்தார்கள். அதன் முதல் தலைமைச் சமையல்காரர், சுவிட்சர்லாந்துக்காரரான சாலி வைல். அங்கே தங்கியிருந்த ஒருவர் உடம்பு முடியாமல், சுலபமாகத் தொண்டையில் இறங்குகிறதாக ஏதாவது கேட்டாராம். வெண்ணெய்ச் சாதத்தின் மேல் பால் சாஸில் கலந்த இறாலைப் பரப்பி, சீஸ் தூவி, ஓவனில் வைத்துக் கொடுத்தார் வைல். அதுதான் 'டோரியா'! ஜப்பானிய வீடுகளில் கோழி போட்டும் செய்கிறார்கள்.

நாமும் செய்யலாமே! எலும்பில்லாத கோழி கால் கிலோவைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி நன்றாக வேகவிடுங்கள். தனியாக 2 மேஜைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, 2 கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். உப்பு, மிளகுத்தூள் போதும். வெண்ணெய் தடவிய ஓவன் பாத்திரத்தில் 2 கப் சாதம், அதன்மேல் கோழி, சாஸ், துருவிய சீஸ். 200 டிகிரியில் கால் மணி நேரம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

ஜுரம் விட்டும் வாய்க்கசப்பு போகாத பிள்ளை, 'சாதம் வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பும்போது இதைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே சூடு சீக்கிரம் ஆறாது. ஆற்றித்தான் ஊட்ட வேண்டும்.