தெய்வம், வழி, மண்

துருக்கியின் போகாஸ்கலே ஊரை ஒட்டிக் கிடக்கிறது ஹத்தூசா. ஹிட்டைட் பேரரசின் தலைநகராக இருந்த இடம். 1988இல் பீட்டர் நெவே தலைமையில் தோண்டிய ஜெர்மானியக் குழு, ஒரு பெரிய குளத்தின் கரையோரத்தில் சின்னஞ்சிறு கல்லறை ஒன்றைக் கண்டது. கல்லறை என்றால் சமாதி அல்ல, கல்லால் கட்டிய அறை. நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். எதிரே பின்சுவரில் சூரியக் கடவுள். இடப்பக்கம் வில்லும் வேலுமாக அரசன். வலச்சுவரில் ஆறு வரிகள் லூவியன் சித்திர எழுத்து.

அரசன் பெயர் சுப்பிலுலியுமா. அப்பெயரில் இருவர் உண்டு. இவன் பேரரசின் கடைசி மன்னனான இரண்டாமவன் என்பதே பெரும்பாலோர் முடிவு. லூக்கா, தர்ஹுந்தாசா என்று அடக்கிய நாடுகளை அடுக்கிக்கொண்டே போகிறான். இந்த வெற்றிப் பட்டியல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எல்லா அரசர்களும் எழுதி வைப்பதுதான். கடைசி வரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. இங்கே இன்னதை அமைத்ததாக அது சொல்கிறது. அந்த ‘இன்னது’ மூன்று குறிகளால் ஆனது: தெய்வத்தைக் குறிக்கும் முட்டை வடிவம், அடுத்து வழி, அதனோடு மண்.

எழுத்து தெரிகிறது, பொருள் தெரியவில்லை. தெய்வத்தன்மை வாய்ந்த மண்வழி என்றால் என்ன? சாலையா, சுரங்கமா?

திறவுகோல் கல்வெட்டில் இல்லை, களிமண் பலகைகளில் இருந்தது. ஹிட்டைட் ஆப்பெழுத்திலும் ‘வழி’, ‘நாடு’ என்ற இரு சுமேரியக் குறிகளைச் சேர்த்து, முன்னால் தெய்வக் குறியிட்டு எழுதும் வழக்கம் இருந்தது. 1967இல் எட்மண்ட் கார்டன் அதை ஆராய்ந்தார். அவர் பார்த்தது அந்தச் சொல்லின் கூட்டாளிகளை. உடன்படிக்கைகளில் சாட்சியாக அழைக்கப்படும் தெய்வங்களின் வரிசையில் மலை, ஆறு, ஊற்று ஆகியவற்றுக்கு நடுவே அது வருகிறது. நாட்டு எல்லை சொல்லும்போதும் அடையாளமாக வருகிறது. ஆகவே அது நிலத்தில் கண்ணால் காணக்கூடிய ஒன்று, நீரோடு தொடர்புள்ளது. நிலத்தடி நீரோட்டம் என்றார் கார்டன்.

ஹத்தூசா இருக்கும் அனத்தோலியாவின் மண்ணைப் பார்த்தால் இது உடனே விளங்கும். பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை. ஓடிக்கொண்டிருக்கும் ஆறு திடீரென ஒரு குழிக்குள் இறங்கி மறையும். வெகுதொலைவில் வேறோர் ஊற்றாகப் பீறிட்டு எழும். துருக்கியர் அந்தக் குழியை ‘தூதென்’ என்கிறார்கள். ஹிட்டைட்டுகளின் பார்வையில் நீர் போகும் இடம் பாதாளம். இறந்தவர்களும் அங்கேதான் போகிறார்கள். அப்படியானால் அந்த வாய்க்குத் தெய்வக் குறி வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்?

ஹத்தூசா கல்வெட்டை 1995இல் விரிவாகப் பதிப்பித்த டேவிட் ஹாக்கின்ஸ் இந்த இரண்டையும் இணைத்தார். சித்திர எழுத்தின் ‘தெய்வம், வழி, மண்’ ஆப்பெழுத்தின் அதே சொல்தான்; அது குறிப்பது அந்த அறையையே. அரசன் குளக்கரையில் கல்லால் ஒரு பாதாள வாயில் கட்டினான். எனக்கு இதில் வியப்பாக இருப்பது, அவன் இயற்கையாக அமைந்த ஒன்றைத் தேடிப் போகாமல் தலைநகருக்குள்ளேயே செய்துகொண்டான் என்பது. பின்சுவரோடு முடிந்துவிடும் அறைதான், ஆனாலும் அவனுக்கு அது வழி. பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் முன்னோர்களும் தெய்வங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று அவன் நினைத்திருக்கலாம். இது என் ஊகம்.

சொல்லின் ஒலி மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. மூன்று குறிகளும் கருத்தைத்தான் காட்டுகின்றன. அசையெழுத்தில் அதை உடைத்து எழுதவில்லை. அந்த அறைக்குள் நின்ற பூசாரி அதை வாய்விட்டு எப்படிச் சொன்னார் என்பதை, இதே சொல்லை அசைபிரித்து எழுதிய இன்னொரு கல் கிடைத்தால்தான் சொல்லமுடியும்.